இன்ஸ்பெக்டர் பார்த்த முதல் தீ

“லாரி ஏன் தீப்பிடிக்குது, தெரியுமா?” என்று ஆரம்பித்தார், ரிட்டயரான வண்டி இன்ஸ்பெக்டர். லாரி இன்னும் தெருமுனையைக்கூடத் தாண்டவில்லை.

டிரைவர் தெரியாதவன் போலத் தலையாட்டினான். பெண் கேட்டு வந்தவனுக்குத் தெரிந்தது எதுவும் தெரியக் கூடாது.

‘லாரிக்காரனுக்குப் பெண் கிடையாது’ என்று இரண்டு தடவை விரட்டியவர், இன்றைக்குத்தான் ‘ஓட்டிக் காட்டு, பார்க்கலாம்’ என்று ஏறி உட்கார்ந்திருக்கிறார். ஜன்னலோரம் அவர். நடுவில் மகள்.

மகள் வாயே திறக்கவில்லை. இந்தப் பேச்சைத் தொட்டிலிலேயே கேட்டவள் அவள்.

ஒயர் உரசினால் தீ. டீசல் கசிந்தால் தீ. பிரேக் பிடித்தபடியே ஓடினால் தீ. டிரைவர் பீடி பிடித்தால் கேட்கவே வேண்டாம். இந்தப் பேச்சுக்குப் பயந்து சொந்தக்காரர்கள் அவர் வீட்டுப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை.

ஆனால் சர்வீஸ் முழுக்க ஒரு லாரி எரிந்துகூட அவர் கண்ணால் பார்த்ததில்லை. அந்தக் குறை மனிதரை உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது.

வண்டி முரண்டு பிடித்தது. பயத்தில் தன் கால்தான் ஆக்ஸிலரேட்டரைச் சரியாக மிதிக்கவில்லை என்று நினைத்து டிரைவர் இன்னும் அழுத்தினான்.

அப்புறம் நாற்றம். அப்புறம் பக்கக் கண்ணாடியில் புகை.

ஓரங்கட்டிக் குதித்தான். பின்சக்கரத்தில், பிறந்தநாள் கேக் மெழுகுவத்தி மாதிரி, குட்டியாக ஒரு தீ.

போச்சு. லாரி போனால் போகட்டும், பெண்ணும் போச்சு.

லோடிலிருந்து ஒரு தண்ணீர் கேனை இழுத்தான்.

“ஏய், ஊத்தாதே! ஒரு நிமிஷம் இருப்பா!”

செருப்பு ஒரு பக்கம், அவர் ஒரு பக்கமாக ஓடி வந்தார் இன்ஸ்பெக்டர். குனிந்து பார்த்தார். மோந்து பார்த்தார்.

“பிரேக்குதான்! நான் சொன்னேனா இல்லையா?”

போகிற வருகிற வண்டிகளையெல்லாம் மறித்தார். முன்பின் தெரியாதவர்களின் கையைப் பிடித்து இழுத்து வந்து, பேரப்பிள்ளையைக் காட்டுவதுபோல் தீயைக் காட்டினார். டிரைவர் கேன் கேனாகக் கவிழ்த்து அணைத்தபோது அவர் முகம் கொஞ்சம் வாடியது.

மறு நிமிடமே அவனைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்.

“இத்தனை வருஷமா ஒருத்தனும் என்னை நம்பலை, மாப்ளே!”

மாப்ளே.

டிரைவர் காலிக் கேனைக் கீழே போட்டான். சட்டையெல்லாம் நனைந்து, முகமெல்லாம் கரியும் சிரிப்புமாக லாரியில் ஏறினான். கீழே இன்ஸ்பெக்டர், நின்றுபோன ஒரு பஸ்ஸின் ஜன்னல் ஜன்னலாகப் போய் விளக்கிக்கொண்டிருந்தார்.

“உங்கப்பாவுக்கு என்ன ஆச்சு? எரியுற லாரியைப் பாத்துட்டா பொண்ணு குடுக்கறாரு?”

மகள் முதல் தடவையாக வாயைத் திறந்தாள்.

“அவர் சொன்னது ஒரு தடவை பலிச்சாப் போதும், எதை வேணாக் குடுத்துருவாரு.”

அவள் கை ஹேண்ட் பிரேக்கின் மேல் இருந்தது.

“வண்டி கிளம்பின கையோட இதை ரெண்டு பல்லு மேலே இழுத்து வச்சேன். இப்ப முழுசா இறக்கிடலாம்.”