ஒரு கம்பி, இரண்டு வீடு

"கீழ்வீட்டுக்காரிக்கு மனசாட்சியே கிடையாதா, சார்?"

மேல்வீட்டு அம்மாள் நீட்டிய ரிசீவரை லைன்மேன் காதில் வைத்துப் பார்த்தார். செத்துக் கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை, மணி பத்தே கால்.

தெருவுக்கு வந்த செம்புக் கம்பி போதவில்லை என்று மாடிக்கும் கீழ்வீட்டுக்கும் ஒரே கம்பியைக் கொடுத்திருந்தார்கள். நம்பர் வேறு வேறுதான். ஆனால் ஒருவர் ரிசீவரை எடுத்துவிட்டால் மற்றவர் சும்மா இருக்க வேண்டியதுதான். வெளியிலிருந்து கூப்பிடுகிறவருக்கும் எங்கேஜ்டுதான் கிடைக்கும்.

"என் பையன் வெளியூருக்கு வேலைக்குப் போனப்ப, 'நீ கூப்பிடாதேம்மா, ஞாயித்துக்கிழமை பத்து மணிக்கு நானே பேசறேன்'னு சொல்லிட்டுப் போனான். மத்த நேரம் அவனுக்கு ஒழியாது. சரியா பத்து மணிக்கு இவ எடுத்துடுறா. பதினொண்ணு வரைக்கும் வைக்கிறதில்ல. பாவம், எத்தனை தடவை போட்டுப் பார்த்து ஏமாந்தானோ! அவன் குரலைக் கேட்டு ரெண்டு வருஷமாச்சு."

"கவலையை விடுங்கம்மா. பக்கத்துத் தெருவுல ஒருத்தர் போனே வேண்டாம்னு திருப்பிக் கொடுத்துட்டார். அந்தக் கம்பி சும்மாதான் கிடக்கு. இன்னிக்கே உங்களுக்குத் தனி லைன்."

அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நீ நல்லா இருப்பே, தம்பி."

லைன்மேன் கீழே இறங்கி, சுவரில் இருந்த பெட்டியைத் திறந்தார். அப்படி என்னதான் கதையளக்கிறாள் என்று டெஸ்ட் போனை மாட்டிக் கேட்டார்.

பேச்சே இல்லை. வெறும் இரைச்சல்.

அவருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பேசினாலாவது தொலைகிறது என்று விடலாம். வேண்டுமென்றே எடுத்து வைத்திருக்கிறாள்!

கீழ்வீட்டுக் கதவைத் தட்டினார். திறந்தவளுக்கு நாற்பது வயது இருக்கும். பின்னால் மேஜைமேல் ரிசீவர் மல்லாந்து கிடந்தது.

"ஏம்மா, உங்களுக்கே இது நல்லா இருக்கா? பெத்தவளோட வயித்தெரிச்சலைக் கொட்டிக்கிறீங்களே!"

அவள் நகர்ந்து மேஜையை மறைத்து நின்றாள்.

"இனிமே இந்த விளையாட்டெல்லாம் நடக்காது. இன்னிக்கே மாடிக்குத் தனி லைன் கொடுக்கப்போறேன்."

அவள் முகம் வெளிறிப்போயிற்று. மாடிப்படியை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, அவரை உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாள்.

"வேண்டாம்ண்ணா. கம்பி இல்லைன்னு சொல்லிடுங்க."

"ஏன்?"

"முதல்ல பத்து மணின்னா நான் போன் பக்கமே போகமாட்டேன். மேல நாற்காலியை இழுத்துப் போட்டு அவங்க உக்கார்ற சத்தம் கேக்கும். மணி மட்டும் அடிக்கவே அடிக்காது. அப்புறம் அழுகைச் சத்தம்தான். ஆறு வாரம் கேட்டேன். மனசு கேக்கல. அவங்க பையன் நம்பரை எப்படியோ பிடிச்சு நானே பேசினேன்."

"என்ன சொன்னான்?"

"'அவங்களோட பேச எனக்கு ஒண்ணுமில்ல'ன்னு வெச்சுட்டான்."

லைன்மேன் டெஸ்ட் போனின் ஒயரைச் சுற்றினார்.

"இப்ப என்னைத் திட்டிக்கிட்டாவது இருக்காங்க," என்றாள் அவள். "தனி லைன் வந்துட்டா, அப்புறம் யாரைத் திட்டுவாங்க?"