யோகலட்சுமியின் தோள்கள்

"இஞ்சாருங்கோ, பிள்ளையின்ட தோளைப் பார்த்தீங்களா? ரெண்டும் விழுந்து போச்சு!"

சோபாவில் உட்கார்ந்திருந்த ஞானாம்பிகை பினாங்கில் பிறந்து வளர்ந்தவள். கோபம் வந்தால் மட்டும்தான் அவள் வாயில் யாழ்ப்பாணத் தமிழ் எட்டிப்பார்க்கும். அவள் கணவர் பரமநாதன், ஹாலில் தான் கீரை வளர்க்கும் குழாய்களுக்கு நடுவே தலையை இன்னும் கொஞ்சம் உள்ளே நுழைத்துக்கொண்டார்.

வேலையிலிருந்து வந்த மகள் யோகலட்சுமி அப்போதுதான் தலையைக் குனிந்தபடி ஹாலைக் கடந்து, தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தியிருந்தாள்.

பினாங்கின் ஆயர் ஈத்தாமில், ஒன்பதாவது மாடி வீடு அது. மண் கிடையாது, வெயிலும் கிடையாது. கிளார்க் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பரமநாதனுக்கு நேரம் மட்டும் ஏராளமாகக் கிடந்தது. பாதி ஹாலை வெள்ளைக் குழாய்களால் அடைத்து, மீன்தொட்டி மோட்டாரை வைத்து உரத்தண்ணீரை ஓடவிட்டு, மண்ணே இல்லாமல் சலாட் கீரை வளர்த்தார்.

"இந்தக் குழாயால இன்னும் ஒரே ஒரு தொல்லை வரட்டும், எல்லாத்தையும் ஜன்னல் வழியா வீசிடுவேன்" என்று ஞானாம்பிகை ஏற்கெனவே எச்சரித்திருந்தாள். அவள் சொன்னால் செய்கிறவள்.

வேர் பிடித்து நிற்க மண்ணுக்குப் பதில் ஏதாவது வேண்டும். பரமநாதன் கரித்துண்டு போட்டார், தண்ணீர் கறுத்தது. தேங்காய் நார் போட்டார், வீடே நாறியது. கடைசியில் மஞ்சள் ஸ்பாஞ்சுத் துண்டுகள்தான் கைகொடுத்தன.

"எங்க வாங்கினீங்க அண்ணே?" என்று எதிர்வீட்டு சீனி முகம்மது கேட்டால், "கடையில கிடைக்காது லா. சொந்தத் தயாரிப்பு" என்று மார்தட்டிக்கொள்வார்.

"பிள்ளை தேய்ஞ்சு போறா. பின்னாலருந்து பாக்குறப்ப பெத்த வயிறு எரியுது. எல்லாம் உங்களாலதான்!" என்றாள் ஞானாம்பிகை.

பாயான் பாருவில், யோகலட்சுமி வேலை பார்த்த அதே தொழிற்சாலையில் சந்திரசேகரனும் இருந்தான். கட்டினால் அவனைத்தான் கட்டுவேன் என்றாள் அவள். பையனிடம் ஒரு குறையும் இல்லை. ஆனால் பைராம் தோட்டத்தில், தொழிலாளர் குடும்பத்தில் பிறந்தவன், யாழ்ப்பாணத்து வம்சம் இல்லை. "நம்ம ஆளுங்க இல்லையே" என்று பரமநாதன் ஒரே பேச்சில் மறுத்துவிட்டார். ஹாலுக்குள் தோட்டம் போட்ட மனிதருக்குத் தோட்டத்து மாப்பிள்ளை ஆகவில்லை!

அன்றிலிருந்து யோகலட்சுமி பாதிச் சோற்றோடு எழுந்தாள். பேச்சைக் குறைத்தாள். பிறகு தோள்களும் இறங்கின.

தோள்கள் இறங்கிய காரணம் பரமநாதனுக்குத் தெரியும். தோள் எடுப்பாகத் தெரிய வேண்டுமென்று பெண்களின் ஆபிஸ் சட்டைக்குள் ஸ்பாஞ்சு வைத்துத் தைப்பது அந்த எண்பதுகளின் நாகரிகம். கல்யாணத்தை மறுத்த அதே வாரம், அப்படி ஒரு ஸ்பாஞ்சு கழன்று குழாய் மேல் கிடந்தது. சும்மா ஒரு துண்டு வெட்டி விதை வைத்துப் பார்த்தார். கீரை அப்படித் தழைத்தது!

அப்புறம் கை சும்மா இருக்குமா? மகள் வேலைக்குப் போனதும் அவள் அலமாரியைத் திறப்பார். ஒரு சட்டையை எடுத்துத் தையலைப் பிரிப்பார், ஸ்பாஞ்சை உருவிக்கொண்டு பழையபடி மாட்டிவிடுவார்.

ஒரு பித்தான் அறுந்தாலே டோபி கடைக்குப் போய்ச் சண்டை போடுகிறவள் யோகலட்சுமி. இதைப் பற்றி மட்டும் வாயே திறக்கவில்லை. பாவம், காதல் கவலையில் எதுவும் கண்ணில் படவில்லை போலிருக்கிறது என்று மனம் இளகிய பரமநாதன், அடுத்த சட்டையில் கை வைத்தார்.

"நாளைக்கே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறேன்" என்று ஞானாம்பிகை எழுந்தாள். "எவ்வளவு இளைச்சிருக்கான்னு அவர் கேப்பாரு. அலமாரியில இருக்கிற சட்டையெல்லாம் எடுத்து அவ மேல வச்சு அளந்து பாக்குறேன்."

பரமநாதன் சடாரென்று தலையை வெளியே இழுத்தார். அலமாரி திறந்தால் குட்டு உடையும். குட்டு உடைந்தால் ஒன்பதாவது மாடியிலிருந்து குழாய்கள் பறக்கும். போன வாரம் முளைத்த குருத்துகளைப் பார்த்தார்.

"அலமாரியைத் திறக்காதே!"

"ஏன்?"

"டாக்டர் எதுக்கு? அவளுக்கு என்ன நோய்னு எனக்குத் தெரியாதா? அந்தப் பையனையே கட்டி வச்சிடலாம்."

"நம்ம ஆளுங்க இல்லைன்னீங்க?"

"நல்ல பையன் லா! தோட்டத்துல வளர்ந்தவன், செடிகொடியோட அருமையாவது தெரிஞ்சிருக்கும்."

ஞானாம்பிகையின் கண் கலங்கியது. யாழ்ப்பாணம் போன இடம் தெரியவில்லை. "பிள்ளை மேல உங்களுக்கு இவ்வளவு பாசம் இருக்கும்னு நான் நினைக்கவே இல்லைங்க" என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டு, கேசரி கிளறச் சமையலறைக்கு ஓடினாள்.

பரமநாதனுக்கு வெட்கமாகத்தான் இருந்தது. இருந்தாலும் கீரை பிழைத்தது. நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டார்.

அறைக் கதவு திறந்தது. யோகலட்சுமி நிமிர்ந்த நடையோடு வந்து குழாயருகே குனிந்தாள். ஓர் இலையைக் கிள்ளி வாயில் போட்டு மென்றபடி, சமையலறைக்குக் கேட்காத குரலில் சொன்னாள்:

"இனிமே ஸ்பாஞ்சுக்குச் சோபாவை வெட்டுங்கப்பா. என் தோளுக்கு வேலை முடிஞ்சிருச்சு."