ஹாலிஸின் கடைசி உதை

ஆகஸ்ட் வெயில் சாய்ந்த பிறகும் நெப்ராஸ்காவில் ஒரு கல்லூரியின் அமெரிக்கக் கால்பந்து மைதானத்தில் புல் கொதிக்கிறது. பயிற்சியின் கடைசி உதை இது. புதிதாக வந்த ஹாலிஸ் உதைக்கும் பந்து மஞ்சள் கம்பங்களுக்கு நடுவே போனால் எல்லோரும் குளிக்கப் போகலாம், இந்த சீசனில் உதைக்கிற இடமும் அவனுக்கே. தவறினால் மொத்த அணியும் ஓட வேண்டும், இடமும் வேறொருவனுக்கு என்று கோச் சொல்லிவிட்டார். பந்தை நிறுத்திப் பிடிக்க மெரிட் மண்டியிட்டிருக்கிறான். போட்டி நாளின் கூச்சலுக்குப் பழக்குவதற்காக அணியே சுற்றி நின்று ஹாலிஸின் காதருகே கத்துகிறது, முகத்தில் தண்ணீரைப் பீய்ச்சுகிறது. "டேய் குச்சிக்காலா, உன்னால நான் ஓடினேன்னா ராத்திரி உன் பர்கரும் எனக்குத்தான்!" என்கிறான் இருப்பவர்களிலேயே பெரிய உருவமான டூலி. "நீ ஓடினா உன் தொப்பைக்கு நல்லதுதானேடா," என்று ஹாலிஸ் கண்ணிமையில் சொட்டும் நீரைத் துடைத்துக்கொள்கிறான். மெரிட் கை நீட்டுகிறான். முன்னால் குனிந்து நிற்பவன் கால்களுக்கிடையே பின்னோக்கி வீசும் பந்து தாழ்வாக, கோணலாக வருகிறது. அதை வாரியெடுத்துப் புல்லில் நிறுத்தும்போது கால் படக் கூடாத தையல் உதைப்பவன் பக்கமே திரும்பி நிற்கிறது, பந்தும் சாய்ந்திருக்கிறது. திருத்த நேரமில்லை, ஹாலிஸ் ஓடி வந்துவிட்டான். அந்தச் சாய்வைப் பார்த்தும் தயங்காமல், கடைசி அடியை மட்டும் சற்றே குறுக்கி, தோளைத் திருப்பிக் காலை வீசுகிறான். பறை முழங்கியதுபோல ஒரு சத்தம். மெரிட் நிமிர்ந்தால் சூரியன் கண்ணைக் கூச வைக்கிறது, பந்து தெரியவில்லை. பதறிப்போய் டூலியைப் பார்க்கிறான். பந்து இன்னும் வானத்தில் இருக்கையிலேயே டூலி புல்லில் சம்மணமிட்டு உட்கார்ந்து, நிதானமாக ஷூவின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருக்கிறான்.