ஈரம் காயும்வரை

ஐரிக் கொப்பரையிலிருந்து தன் கணவன் டூகலின் கோட்டைத் தூக்குகிறாள். மறுமுனையைப் பிடித்து நான் முறுக்க, மரப்பட்டைச் சாயம் கறுப்பாக வடிகிறது. கலகத்தை அடக்கிய பிறகு, எங்கள் மலைநாட்டு ஆண்கள் கட்டம் போட்ட துணி உடுத்தக் கூடாதென்பது லண்டன் ஆணை. ஒரு முறை பிடிபட்டு ஆறு மாதம் சிறையிலிருந்தவன் டூகல். மறுபடி சிக்கினால் ஏழு வருடம் கடல் தாண்டி நாடு கடத்திவிடுவார்கள். வேறு கோட்டு அவனுக்கு இல்லை. இதை நெய்தவள் நான். எட்டு இழை பச்சை, நான்கு நீலம், இரண்டு சிவப்பு, பிறகு அதே வரிசை திரும்பி நடக்கும். நெடுக்கே ஓடும் பாவிலும் குறுக்கே ஓடும் ஊடையிலும் அப்படியே. சிவப்பு நூல் ஏற்கெனவே வயிறு நிறையச் சாயம் குடித்தது, கறுப்பை அரைகுறையாகத்தான் வாங்கும். ஈரத்தில் எல்லாம் ஒரே இருட்டு. காய்ந்தால் கட்டம் எழும்பிவிடும்.

“இன்னொரு முக்கு முக்கலாமாடி?” என்று ஐரிக் என்னைக் கேட்கிறாள்.

“எங்கக்கா நேரம்? நாய் குரைக்குது, சிப்பாய்ங்க வந்துட்டாங்க.”

“குடு, ஈரத்தோடயே மாட்டிக்கறேன். ஆத்துல விழுந்தேன்னு சொல்லிக்கறேன்,” என்கிறான் டூகல்.

“குடிச்சிட்டு விழுந்தேன்னு சொல்லு, உடனே நம்புவாங்க,” என்கிறாள் ஐரிக்.

டூகல் ஈரக் கோட்டை மாட்டிக்கொள்கிறான். எங்கள் மொழி தெரிந்த சிப்பாய் ஒருவன் குனிந்து உள்ளே வருகிறான். பின்னால் இன்னும் இருவர். டூகலை மேலும் கீழும் பார்க்கிறான்.

“என்னய்யா, தெப்பமா நனைஞ்சிருக்க?”

“ஆத்துல விழுந்துட்டேங்க.”

“அடப்பாவி, இப்படி நடுங்குறியே. வா, நெருப்புகிட்ட உக்காரு. நாங்களும் கொஞ்சம் குளிர் காயறோம்.”

டூகல் உட்காருகிறான். தோளிலிருந்து ஆவி எழுகிறது. ஐரிக் தரையையே பார்க்கிறாள். அந்தத் துணியில் சிவப்பு எங்கே ஓடுகிறதென்று எனக்குத் தெரியும். அங்கேதான் முதலில் காய்கிறது.