மூடிய பால்கனிக் கதவு

பொழுது சாய்கிற நேரம். மூன்றாவது மாடியில் பூவம்மாவின் வீட்டுக்குள் குடியிருப்பு அலுவலக அதிகாரி நிற்கிறார். அலுவலகத்தார் தாங்கள் பராமரிக்கும் வீடுகளுக்குத் தாங்களே மதிப்பெண் போடலாம், ஆனால் குடியிருப்பவர்களையும் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்பது புது விதி. எட்டிக்கூடப் பார்க்காமல் பால்கனி நல்ல நிலையில் இருப்பதாகக் குறித்துவிட்டார். "குறை ஒண்ணும் இல்லையேம்மா?" பூவம்மா மூடிய கதவைப் பார்க்கிறாள். அதன் இடுக்கில் மணலி எண்ணெய் ஆலையின் புகைபோக்கி உச்சியில் எரியும் தீயின் சிவப்பு துடிக்கிறது. "ஏம்மா மூடியே வச்சிருக்கீங்க? கடல் காத்து வருமே." அவரே தாழ்ப்பாளை நீக்கிக் காலை வெளியே வைக்கிறார். அங்கே தரை இல்லை. பூவம்மா பாய்ந்து அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்து உள்ளே இழுக்கிறாள். "போன மழைல இடிஞ்சி வுழுந்துட்ச்சி சார். துணி எடுக்க எம்பொண்ணு அப்பத்தான் காலு வச்சிது." திறந்த கதவு காற்றில் அடித்துக்கொள்கிறது. "உள்ள வந்துட்டேம்மா, விடு" என்கிறார் அவர். அவள் விரல்கள் விடவில்லை.