திருப்பி வைத்த பக்கம்

முட்டை எடுக்கப் போன கையைக் கொத்திவிட்டது என்று, அடையில் இருந்த கோழியின் கழுத்தை என் வீட்டுக்காரர் திருகிப் போட்டார். கொத்தாமல் கொஞ்சுமா? சூடு ஆறுவதற்குள் முட்டைகளை அட்டைப்பெட்டிக்கு மாற்றி, மேலே ஒரு குண்டு பல்பைத் தொங்கவிட்டேன். ஒவ்வொரு முட்டையிலும் ஒரு பக்கம் பென்சிலால் பெருக்கல் குறி போட்டேன். காலையில் குறி கீழே, மாலையில் மேலே. திருப்பாவிட்டால் குஞ்சு ஓட்டோடு ஒட்டிக்கொள்ளும்.

"கூமுட்டைய ஒரு கூமுட்டை அடைகாக்குது" என்று சிரித்தவர், ஒரு நாள் அதில் ஒன்றை எடுத்துச் சுவரில் அடித்தார். வழிந்ததில் சிவப்பாக ஒரு புள்ளி துடித்துக்கொண்டிருந்தது.

மறுநாள் நான் தொடும் முன்பே மற்ற முட்டைகள் திரும்பியிருந்தன.

"நீங்களா திருப்பி வச்சீங்க?"

"எனக்கு வேற வேலை இல்ல பாரு" என்று அறைந்தார். காதிலிருந்து ரத்தம் வந்தது.

அதன்பின் நான் கையே வைக்கவில்லை. வேளை தவறாமல் அவை திரும்பிக்கொண்டிருந்தன.

இன்று மதியம் சாப்பிட்டுவிட்டு அவர் மல்லாந்து படுத்தார். மாலையில் எழுப்பப் போனேன். பெட்டிக்குள் கீச்கீச்சென்று சத்தம். அவர் அப்படியே மல்லாந்துதான் கிடந்தார், தொப்பை மேலே தெரிய. முகம் மட்டும் தலையணைக்குள் புதைந்திருந்தது.

மேலே பார்த்திருந்த பிடரியில், பென்சிலால் போட்ட பெருக்கல் குறி.