கையெழுத்துப் போட்டாச்சு

"கையெழுத்துப் போட்டாச்சு" என்று சொல்லிக்கொண்டே வீட்டுக்குள் நுழைந்தான், மைதானத்தின் ஓரக்கோட்டை ஒட்டியே ஓடி ஆடும் கால்பந்து விங்கர்.

மனைவி உடனே அடுப்பை அணைத்துவிட்டு, கட்டிலுக்கு அடியிலிருந்து அட்டைப்பெட்டிகளை இழுத்தாள். கல்யாணமான நாளிலிருந்து எட்டு கிளப், எட்டு ஊர். அந்த வார்த்தைக்கு இந்தக் குடும்பத்தில் ஒரே அர்த்தம்தான்.

"குளிரா, வெயிலா? அதை மட்டும் சொல்லுங்க."

"இங்க அடிக்கிற அதே வெயில்தான்."

"அப்போ கம்பளியெல்லாம் அடியில போகட்டும். பாப்பா, பொம்மையை எல்லாம் எடுத்துட்டு வா."

மகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். "இப்பதான்மா எனக்கு ஒரு ஃப்ரெண்டு கிடைச்சா."

"உங்கப்பா மைதானத்துல ஓடுறது போதாதுன்னு நம்மளையும் ஓட விடுறார்" என்றபடி, சுவரில் சாய்த்து வைத்திருந்த கல்யாண போட்டோவைத் தூக்கினாள் மனைவி. வாடகை வீட்டில் ஆணி அடிக்க யார் விடுவார்கள்? எந்த ஊரிலும் அது தரையில்தான் நின்றது.

"அதைக் கட்டாதே" என்ற விங்கர் தன் பையைத் திறந்தான். பூட்ஸுக்குப் பதிலாக ஒரு சுத்தியலும் ஒரு பொட்டலம் ஆணியும் வெளியே வந்தன.

"ஐயோ, ஹவுஸ் ஓனர் கத்துவாரே."

"ஓனரே நீதான். கையெழுத்துப் போட்டது கிளப்புக்கு இல்ல, இந்த வீட்டை வாங்க. ஆடுற வரைக்கும் இனி இதே ஊர்தான்."

மனைவி பெட்டி மேலேயே உட்கார்ந்துவிட்டாள். மகள் ஃப்ரெண்டிடம் சொல்ல ஓடினாள்.

ஆணியைச் சுவரில் வைத்துப் பார்த்தான் அவன். "இப்படி ஓரமா அடிக்கட்டுமா?"

"நடுவுலயே அடிங்க" என்றாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "ஓரத்துல நின்னது போதும்."